பேச்சை மறக்காத கருவிகள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு ஸ்கேனர் எட்டு வருடம் சும்மா கிடந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. விளக்கு எரியும். உள்ளே இருக்கும் தண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும் சத்தமும் சீராகத்தான் இருக்கும். அப்பாவின் நிலப் பத்திரங்களை, மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன அந்தப் பழைய முத்திரைத்தாள்களை, அதில்தான் படியெடுத்து வைத்தேன். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று அது ஊமையாகிவிட்டது. செருகினால் அடையாளம் தெரியாத சாதனம் என்று திரையில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். அந்த மாடலுக்கு இனி டிரைவர் வராது, புதிய மாடல்களைப் பாருங்கள் என்று பதில் வந்தது.

எட்டு வருடம் கழித்து ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ தோன்றி ஸ்கேனரைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டிச் செருகினேன். சிடி எதுவும் போடவில்லை, எதையும் தரவிறக்கவில்லை. ஸ்கேன் செய்யும் செயலியைத் திறந்தால் மாடல் பெயர் சரியாக வந்து நின்றது. பொத்தானை அழுத்தினேன். தண்டு நகர்ந்தது. பத்திரத்தின் முதல் பக்கம் திரையில் மேலிருந்து கீழாக விரிந்தது.

கருவி அதேதான், கம்பியும் அதேதான். அப்படியானால் எட்டு வருடம் தொலைந்திருந்தது எது? சில ஆயிரம் வரி நிரல். அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். தயாரித்தவர்கள் கைவிட்ட வேலையை ‘சேன்’ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் யாரோ சிலர் எடுத்துச் செய்து, எவரும் படிக்கவும் திருத்தவும் முடிகிற மாதிரி திறந்து வைத்திருந்தார்கள்.

இப்படித் திறந்து வைப்பது வாங்கியவருக்கு லாபம் என்பதை விளக்க வேண்டியதில்லை. விற்றவருக்கும் அது லாபம்தான், பல சமயம் வாங்கியவரைவிடக் கூடுதல் லாபம் என்பதே நான் சொல்ல வந்தது.

65 என்ற எண்ணின் பயணம்

டிரைவர் என்றதும் நமக்கு பஸ் ஓட்டுபவர்தான் நினைவுக்கு வருவார். கம்ப்யூட்டர் டிரைவரின் வேலையோ, இரு மொழிக்காரர்களுக்கு நடுவே நின்று மொழிபெயர்க்கும் துபாஷியின் வேலைக்கு நெருக்கமானது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்ததைப் போல, இயங்குதளத்துக்கும் கருவிக்கும் நடுவே டிரைவர் நிற்கிறது. இயங்குதளம் பொதுவாகப் பேசும்: இந்தப் பக்கத்தை அச்சிடு, இந்தச் செய்தியை அனுப்பு. கருவிக்கு அது விளங்காது. எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் என்ன நடக்கும் என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

மிக எளிய ஒரு டிரைவரைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பழைய பிசிகளின் முதுகில் சீரியல் போர்ட் என்ற ஒன்று இருந்தது. மவுஸும் மோடமும் அதில்தான் மாட்டுவோம். முதல் போர்ட்டின் முகவரி 1016. அந்த வழியாக ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை அனுப்ப வேண்டும். டிரைவர் முதலில் 1021 என்ற முகவரியில் உள்ள எண்ணைப் படிக்கும். அதில் 32-க்கு உரிய பிட் எரிந்துகொண்டிருந்தால், சில்லு ‘கை காலியாக இருக்கிறது, கொடு’ என்று சொல்வதாக அர்த்தம். உடனே 1016-இல் 65 என்று எழுதும். 65 என்பது ‘ஏ’ எழுத்துக்கு உரிய எண். எழுதிய கணமே அது மின்துடிப்புகளாகக் கம்பியில் புறப்பட்டுவிடும். விநாடிக்கு 9600 பிட் வேகம் வேண்டுமா? 1,15,200-ஐ 9600-ஆல் வகுத்தால் 12. அந்த 12-ஐ உரிய இடத்தில் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் 1016, 1021, 32, 12 என்ற இந்த எண்கள் தெரியாதவருக்கு அந்தச் சில்லு ஒரு கருங்கல்.

டிரைவருக்கு இன்னொரு முகமும் உண்டு. 1980-களில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் 16550 என்ற சீரியல் சில்லை வெளியிட்டது. வரும் எழுத்துகளை 16 வரை வரிசையில் நிறுத்திவைக்கும் வசதி அதன் சிறப்பு. அந்த வரிசையே ஒழுங்காக வேலை செய்யவில்லை. பிறகு வந்த 16550ஏ என்ற சில்லில் குறையைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் விற்றுப்போன சில்லுகளை யார் மாற்றுவது? சிலிக்கானில் ஒருமுறை பொறித்துவிட்டால் அழித்தெழுத முடியாது. அந்தக் குறையைச் சமாளிக்கும் பொறுப்பு டிரைவர் தலையில் விழுந்தது. லினக்ஸின் சீரியல் டிரைவர், சில்லைச் சந்தித்ததும் வரிசையைத் திறக்கச் சொல்லிவிட்டு, அது தரும் பதிலின் உச்சியில் உள்ள இரண்டு பிட்களைப் பார்க்கும். இரண்டும் எரிந்தால் நல்ல சில்லு. ஒன்று மட்டும் எரிந்தால் பழைய 16550, வரிசையை நம்பாதே. இந்தச் சோதனை இன்றும் அந்த நிரலில் இருக்கிறது.

ஆக, ஒரு டிரைவரைப் படிப்பவர் கருவியின் திறமையை மட்டும் படிப்பதில்லை. அதன் குறைகளையும், அவற்றை மறைக்கச் செய்த சமாளிப்புகளையும் சேர்த்தே படிக்கிறார். தயாரிப்பாளர்கள் டிரைவரைக் காட்டக் கூச்சப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பூட்டு எப்போது விழுந்தது?

டிரைவருக்குத் தனியாக விலை கிடையாது. கருவியோடு இலவசமாகத்தான் வரும். விற்பதில்லை என்றாலும் பூட்டி வைப்பார்கள். இந்தப் பூட்டுதான் ஓர் இயக்கத்துக்கே வித்திட்டது.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரின்டரை அன்பளிப்பாகத் தந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கும். பிரின்டர் வேறொரு தளத்தில் இருந்ததால், சிக்கியது யாருக்கும் தெரியாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும். அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், இதற்கு முன்பிருந்த பிரின்டரின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி செய்திருந்தார். புதிய பிரின்டருக்கும் அதையே செய்யலாம் என்று மூலநிரலைத் தேடினார். அது கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரை நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று நிறுவனத்திடம் வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த ஏமாற்றம் ஸ்டால்மன் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. 1983 செப்டம்பரில், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அவர் அறிவித்தார். இன்றைய கட்டற்ற மென்பொருள் உலகம் அங்கிருந்துதான் கிளைத்தது.

ஒரு தாள் சிக்கலைத் தீர்க்கக் காசு வாங்காமல் ஓர் அருமையான நிரலர் வாசலில் வந்து நின்றார். பிரின்டர் நிறுவனத்துக்கு அது இலவச உழைப்பு. அந்த உழைப்பை உள்ளே விடாமல்தான் நிறுவனம் பூட்டிக்கொண்டது.

நிலம் நகர்ந்துகொண்டே இருக்கிறது

டிரைவரை ஒருமுறை எழுதி முடித்தால் வேலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது கட்டி முடித்த சுவர் மாதிரி நிற்பதில்லை. மாதாமாதம் வட்டி கேட்கும் கடன் மாதிரி அது.

லினக்ஸின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகள் இருந்தன. இன்று 4 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கும் மேல் டிரைவர்கள். ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. நாம் பயன்படுத்தும் செயலிகள் எந்தப் பதிப்பிலும் ஓட வேண்டும் என்பதில் கெர்னல்காரர்கள் கறாரானவர்கள். ஆனால் கெர்னலின் உள்ளே, ஒரு பகுதி இன்னொரு பகுதியை அழைக்கும் முறை மாறிக்கொண்டே இருக்கும். பாதுகாப்புக்காக மாற்றுவார்கள், வேகத்துக்காகவும் மாற்றுவார்கள். யுஎஸ்பிக்கான உள்ளமைப்பு மட்டுமே மூன்று முறைக்குக் குறையாமல் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. டிரைவர் கெர்னலுக்குள் குடியிருப்பது. வீட்டின் வாசற்படி இடம் மாறினால் அதுவும் மாற வேண்டும்.

ஓர் உதாரணம். பத்து மில்லி விநாடி கழித்து என்னை எழுப்பு என்று கெர்னலிடம் டிரைவர் கேட்டுக்கொள்ளும் டைமர் வசதி ஒன்று உண்டு. அதைக் கேட்கும் பழைய முறையில் பாதுகாப்புக் குறை இருந்தது. ஊடுருவுபவர்களுக்கு அது வசதியான சந்து. 2017-இல் கீஸ் குக் என்ற நிரலர் முன்னின்று கெர்னல் முழுக்க அந்த முறையை மாற்றினார். நூற்றுக்கணக்கான டிரைவர்களில் கைவைக்க வேண்டியிருந்தது. பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்த கொக்ஸினெல் என்ற கருவி இதற்கு உதவியது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பொறிவண்டு என்று அர்த்தம். ‘இப்படி எழுதியிருந்தால் அப்படி மாற்று’ என்று ஒரு மாதிரியைக் கொடுத்தால் போதும், அது கோடிக்கணக்கான வரிகளுக்குள் புகுந்து, பொருந்தும் இடங்களையெல்லாம் மாற்றித் தரும். கெர்னலுக்குள் டிரைவரைத் திறந்து வைத்திருந்த நிறுவனங்கள் இதற்காக ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை. தங்கள் டிரைவர் புதுப்பிக்கப்பட்டதைச் சில நிறுவனங்கள் கவனித்தே இருக்காது. பூட்டி வைத்திருந்தவர்களுக்கோ புதிய கெர்னல் வந்ததும் டிரைவர் நின்றுபோயிருக்கும். அவர்களே உட்கார்ந்து திருத்தியாக வேண்டும்.

இன்னும் பெரிய கணக்கு ஒன்று. 32 பிட் கருவிகளில் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளாக எண்ணும் வழக்கம் உண்டு. அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19-ஆம் தேதி நிரம்பி வழியும். மறுகணம் கருவிகளின் நாட்காட்டி 1901-க்குப் போய்விடும். ஆர்ண்ட் பெர்க்மன் உள்ளிட்ட பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்து, டிரைவர்கள் உட்படக் கெர்னல் முழுவதையும் அலசி இதற்கு மாற்று ஏற்பாடு செய்தார்கள். 2020-இல் வந்த 5.6 பதிப்பில் அந்த வேலை பெருமளவு நிறைவுக்கு வந்தது. ஒரு சிறிய நிறுவனம் தன் காசில் ஆள் வைத்து இதைச் செய்திருக்க முடியுமா? திறந்த டிரைவருக்கு இது பொதுச்சொத்தாகக் கிடைத்தது.

நீலப் பெட்டியும் ஒற்றைப் பூட்டும்

பூட்டிய ஒரு டிரைவர் ஒரு கருவியையே எப்படிக் கட்டிப்போடும் என்பதற்கு வைஃபை வரலாற்றில் நல்ல சான்று இருக்கிறது.

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை வெளியிட்டது. நீலமும் கறுப்புமான பெட்டி, பின்னால் இரண்டு ஆன்டெனா. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை 2003-இல் நிரலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: அதைப் பொருளோடு சேர்த்துக் கொடுத்தால் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். பல தரப்பிலிருந்தும் கேட்டுக் கேட்டு, நிறுவனம் நிரலை வெளியிட்டது. அந்த நிரலைக் கையில் எடுத்தவர்கள் 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வீட்டு ரவுட்டராக விற்ற பெட்டி, விலை உயர்ந்த கருவிகள் மட்டுமே செய்துவந்த வேலைகளைச் செய்ய ஆரம்பித்தது. ஊர் முழுக்க வலைப்பின்னல் கட்டுவதற்கும் அதை வாங்கினார்கள்.

2005-இல் நிறுவனம் செலவைக் குறைக்க, அதே மாடலின் நினைவகத்தைப் பாதியாக்கி, லினக்ஸையும் எடுத்துவிட்டது. வாங்கியவர்கள் பழைய பெட்டியைத்தான் தேடினார்கள். அதனால் பழைய அளவு நினைவகத்தோடு, லினக்ஸ் ஓடும் பெட்டியை டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் தனியாக வெளியிட நேர்ந்தது. ஒரு வைஃபை பெட்டியின் ஆயுள் சந்தையில் இரண்டு மூன்று வருடம்தான். இந்த மாடலோ, அதைவிடப் பலமடங்கு வேகமான ரவுட்டர்கள் வந்த பிறகும், பத்து ஆண்டுக்கும் மேல் விற்றுக்கொண்டே இருந்தது. வெளியிட மனமில்லாமல் வெளியிட்ட நிரல் ஒரு பொருளுக்கு வாங்கித் தந்த ஆயுள் அது.

ஆனால் பெட்டிக்குள் ஒரே ஒரு பூட்டு மிச்சமிருந்தது. அதன் வைஃபை சில்லு பிராட்காம் நிறுவனத்துடையது. அந்தச் சில்லின் டிரைவர் மட்டும் மூலநிரல் இல்லாமல், எந்திர மொழியில் மூடிய கட்டியாக வந்தது. அது கெர்னலின் 2.4 பதிப்புக்கென்று செய்தது. உலகம் 2.6-க்கு நகர்ந்துவிட்ட பிறகும், சுற்றிலும் உள்ள எல்லா நிரலும் திறந்தே கிடந்தும், இந்த ஒரு துண்டுக்காக முழுப் பெட்டியும் பல ஆண்டுகள் பழைய கெர்னலிலேயே நிற்க வேண்டியிருந்தது. வண்டி நிறையச் சக்கரம் இருந்தும் ஒன்று மட்டும் சேற்றில் மாட்டிக்கொண்ட கதை.

தன்னார்வலர்கள் அதையும் விடவில்லை. ஒரு குழு மூடிய டிரைவரை ஆராய்ந்து, சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் குறிப்பாக எழுதியது. மூடிய டிரைவரைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிய டிரைவரை எழுதியது. காப்புரிமைச் சிக்கல் வராமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. 2006-இல் அந்த டிரைவர் கெர்னலுக்குள் சேர்ந்தது. 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய வைஃபை சில்லுகளுக்கான டிரைவரைத் திறந்து வெளியிட்டது.

குழாயடி நியாயம்

திறந்த டிரைவரால் பராமரிப்புச் செலவு மிச்சம் என்பது பாதிக் கதைதான். தயாரித்தவர்களே நினைத்துப் பார்க்காத உயரத்துக்குக் கருவி போவது மீதிக் கதை.

பிராட்காமுக்குப் போட்டியாக இருந்த அத்தரோஸ் நிறுவனமும் முதலில் தன் டிரைவரின் முக்கியப் பகுதியை மூடியே வைத்திருந்தது. 2008-இல் மனம் மாறி, அடுத்த தலைமுறைச் சில்லுகளுக்கு ஏத்9கே என்ற டிரைவரை முழுக்கத் திறந்து கொடுத்தது. இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. பல வைஃபை சில்லுகளின் உள்ளேயே ஒரு சிறு மென்பொருள் ஒளிந்திருந்து பாதி முடிவுகளை அதுவே எடுக்கும். இந்தச் சில்லில் அது கிடையாது. எல்லா முடிவையும் டிரைவரே எடுக்கிறது. அதனால் வைஃபையை ஆராய்பவர்களுக்கு இது கண்ணாடிப் பெட்டி ஆகிவிட்டது.

வைஃபையில் ஒரு பழைய வியாதி இருந்தது. வீட்டில் நான்கு பேர் வேகமாகப் படம் பார்க்கிறார்கள். கடைசி அறையில் ஒருவர், சிக்னல் சரியாக எட்டாத இடத்தில் உட்கார்ந்து ஃபோனைத் திறக்கிறார். அந்த ஒருவரால் ஐந்து பேருக்கும் இணையம் நத்தையாகிவிடுகிறது. ஏன்? தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு குடம் என்று முறை வைத்திருக்கிறோம். நான்கு பேர் அகன்ற வாய்க் குடம் கொண்டுவந்தால் நிமிடத்தில் நிரம்பும். ஐந்தாமவர் கொண்டுவந்தது ஊசி வாய்ப் பானை. நிரம்பப் பத்து நிமிடம். முறைப்படி எல்லாருக்கும் ஒரு குடம்தான், ஆனால் குழாய் பெரும்பாலான நேரம் அந்த ஒருவர் கையில். பழைய வைஃபையும் எண்ணிக்கைப்படிதான் பங்கு வைத்தது. தூரத்து ஃபோனுக்கு ஒவ்வொரு தகவல் பொட்டலமும் மெதுவாகத்தான் போகும் என்பதால், காற்றலையின் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொண்டது.

ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோக்கே ஹொய்லண்ட்-யோர்கென்சனும் அவருடைய கூட்டாளிகளும் ஏத்9கே டிரைவரைத் திறந்து, குடத்தை எண்ணுவதை விட்டுவிட்டு நேரத்தை அளந்து பங்கு வைக்கும்படி மாற்றினார்கள். ஒவ்வொரு ஃபோனுக்கும் எவ்வளவு நேரம் காற்றலை கிடைத்தது என்று டிரைவரே கணக்கு வைத்து, அதிகம் எடுத்தவரை அடுத்த முறை சற்றுக் காக்க வைக்கும். வரிசையில் தேங்கி நிற்கும் பொட்டலங்களைக் குறைக்கும் இன்னொரு திருத்தத்தையும் சேர்த்தார்கள். 2017-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, நெரிசல் நேரத்தில் தாமதம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஒரே சில்லு, ஒரே ஆன்டெனா. மாறியது நிரல் மட்டும்.

இந்த ஆராய்ச்சிக்கு அத்தரோஸ் ஆள் அனுப்பவில்லை. அந்தச் சில்லுகளை வாங்கிய ரவுட்டர் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இது சேர்ந்து கிடைத்தது. பிறகு இந்த முறையை எல்லா வைஃபை டிரைவர்களும் பகிரும் பொது அடுக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து வேறு நிறுவனச் சில்லுகளின் திறந்த டிரைவர்களுக்கும் அது பாய்ந்தது.

பழி யார் மேல்?

2008 செப்டம்பரில் லினக்ஸ் உலகை ஒரு பீதி பிடித்தது. வெளிவரவிருந்த 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்பை ஓட்டியவர்களில் சிலருக்கு இன்டெல் நெட்வொர்க் கார்டு ஒரேயடியாகச் செத்துப்போனது. கார்டின் அடையாளத்தையும் அமைப்பையும் வைத்திருக்கும் நிரந்தர நினைவகத்தில் யாரோ குப்பையை எழுதியிருந்தார்கள். மறுபடி கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றினாலும் திருந்தாத சேதம் அது. சந்தேகம் முழுக்க இன்டெல்லின் இ1000இ டிரைவர் மேல் விழுந்தது. பல லினக்ஸ் வெளியீட்டாளர்கள் அந்த டிரைவரையே நிறுத்திவைத்தார்கள்.

இன்டெல் பொறியாளர்களும் வெளியாட்களும் சேர்ந்து ஒரே நிரலை வரிவரியாகப் பார்த்தார்கள். நினைவகத்தில் எழுத முடியாதபடி பூட்டும் திருத்தத்தை இன்டெல் உடனே கொடுத்தது. அக்டோபரில் உண்மை தெரிந்தது. குற்றவாளி டிரைவரே இல்லை. கெர்னலின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் எஃப்டிரேஸ் என்ற புதிய வசதிதான் அதைச் செய்திருந்தது. அது நிரல்கள் இருக்கும் முகவரிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு அங்கே போய்ச் சிறு மாற்றம் செய்யும். தொடக்கத்தில் மட்டும் தேவைப்படும் நிரல்களைக் கெர்னல் அழித்து, அந்த இடத்தைப் பிறருக்குக் கொடுத்துவிடும். அப்படிக் காலியான முகவரிக்கு இன்டெல் கார்டின் நினைவகம் குடிவந்தது. எஃப்டிரேஸ் பழைய முகவரிப் பட்டியலோடு போய்க் கதவைத் தட்டியது. ‘எதிர்பார்த்தது இருந்தால் மட்டும் மாற்று’ என்ற கட்டளையைத்தான் அது பயன்படுத்தியது. ஆனால் அந்தக் கட்டளை, மாற்றம் தேவையில்லாதபோதும் இருந்ததையே ஒருமுறை திரும்ப எழுதும். சாதாரண நினைவகத்தில் அதனால் தீங்கில்லை. கார்டின் நினைவகத்தில் அது நாசமாகிவிட்டது.

அந்த டிரைவர் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூடிய டிரைவர் ஒன்றை ஏற்றியதுமே கெர்னல் தன்மேல் களங்கம் பட்டதாக ஒரு குறி வைத்துக்கொள்ளும். அந்தக் குறியோடு வரும் புகார்களைக் கெர்னல் நிரலர்கள் பெரும்பாலும் தொடமாட்டார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது என்பதால். பழி இன்டெல்மேலேயே நின்றிருக்கும். கார்டுகளைத் திரும்ப வாங்கும் செலவும் சேர்ந்திருக்கும். டிரைவர்களில் பிழைகள் அதிகம் என்பது தெரிந்த விஷயம். கெர்னலின் மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை இருப்பதாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2001-இல் கணக்கிட்டார்கள். பிழை எப்படியும் வரும். அது தன்னுடையதா பிறருடையதா என்று நிரூபிக்க வழி வைத்திருக்கிறோமா என்பதுதான் தயாரிப்பாளர் கேட்டுக்கொள்ள வேண்டியது.

தன் டிரைவரைத் தானே ஓய்வுக்கு அனுப்பிய நிறுவனம்

கிராஃபிக்ஸ் சில்லுகளின் டிரைவர்கள்தான் எல்லாவற்றிலும் பெரியவை, ரகசியம் நிறைந்தவையும் அவைதான். ஏஎம்டி நிறுவனம் 2006-இல் கிராஃபிக்ஸ் சில்லு நிறுவனமான ஏடிஐ-யை வாங்கிய பிறகு, 2007 செப்டம்பரில் ஒரு முடிவை அறிவித்தது. தன் கிராஃபிக்ஸ் சில்லுகளின் நுட்பக் குறிப்புகளை வெளியிட்டு, திறந்த டிரைவர் உருவாக உதவுவது என்பது அந்த முடிவு. பலன் உடனே வரவில்லை. தொடக்கத்தில் திறந்த டிரைவர் மெதுவாகவே இருந்தது. விளையாட்டுப் பிரியர்கள் மூடிய டிரைவரையே நாடினார்கள். 2015-இல் ஏஎம்டிஜிபியு என்ற புதிய டிரைவர் கெர்னலுக்குள் நுழைந்தது.

2016-இல் வேடிக்கையான ஒன்று நடந்தது. வல்கன் என்ற புதிய கிராஃபிக்ஸ் முறைக்கு ஏஎம்டி தன் டிரைவரைத் திறந்து தருவதாகச் சொல்லியிருந்தது, ஆனால் அது வந்து சேரத் தாமதமானது. டேவ் ஏர்லியும் பாஸ் நியூவென்ஹ்யூசனும், இருவருமே ஏஎம்டி ஊழியர்கள் இல்லை, வெளியாகியிருந்த குறிப்புகளையும் நிரலையும் வைத்துக்கொண்டு ராட்வி என்ற டிரைவரைத் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம் அதில் சேர்ந்து, சொந்தக் காசில் ஆள் போட்டு அதை வளர்த்தது. 2022-இல் வால்வ் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்குள் இருப்பது ஏஎம்டி சில்லு, ஓடுவது ராட்வி. 2025-இல் ஏஎம்டி தன் சொந்த வல்கன் டிரைவரின் திறந்த திட்டத்தை நிறுத்திவிட்டு, ராட்வியைத் தாங்கிப் பிடிப்பதாக அறிவித்தது. தன்னுடையதை விட்டுவிட்டு வெளியார் எழுதியதை ஏற்றுக்கொள்ள ஒரு பெரிய நிறுவனத்துக்கு மனம் வந்தது. அப்படி ஏற்றுக்கொண்டதில் அதற்கு நஷ்டம் ஏதுமில்லை. வால்வ் விற்கும் ஒவ்வொரு ஸ்டீம் டெக்கிலும் ஏஎம்டியின் சில்லு ஒன்று விற்கிறது.

லினக்ஸுக்கு எதிரே நின்றவர்களும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். 2009 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 20,000 வரி டிரைவர் நிரலை லினக்ஸ் கெர்னலுக்குக் கொடுத்தது. தன் ஹைப்பர்-வி மெய்நிகர் கணினிக்குள் லினக்ஸ் நன்றாக ஓடினால்தான் அது விற்கும் என்பது ஒரு காரணம்.

தயக்கங்களும் பதில்களும்

தயாரிப்பாளர்களின் பயங்களை இளக்காரம் செய்ய நான் விரும்பவில்லை. அவை உண்மையானவை. டிரைவரைத் திறந்தால் சில்லின் உட்புற வடிவம் போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்பது ஒரு பயம். டிரைவரில் இருப்பது பெரும்பாலும் வாசற்படி எண்கள்தான், அடுக்களை இல்லை. 1016-க்கு 65 அனுப்பத் தெரிந்ததால் யாராலும் ஒரு சில்லைச் செய்துவிட முடியாது. வானொலி அலைவரிசைச் சட்டத்தை யாராவது மீறிவிட்டால் பழி நம்மேல் வருமே என்பது வைஃபை நிறுவனங்களின் பயம். எந்த நாட்டில் எந்த அலைவரிசை, எவ்வளவு திறன் என்ற பட்டியலை டிரைவருக்கு வெளியே தனியாக, மின்கையொப்பம் இட்டு வைக்கும் முறையை லினக்ஸ்காரர்கள் உருவாக்கி அதற்கு வழி செய்தார்கள்.

நுழைவது எளிதல்ல என்பதும் உண்மை. கெர்னலுக்கு அனுப்பும் ஒவ்வொரு வரியையும் முன்பின் தெரியாதவர்கள் அலசுவார்கள். இது ஏன், அது ஏன் என்று கேட்பார்கள். திருப்பி அனுப்புவார்கள். சில டிரைவர்கள் நுழைய வருடக்கணக்காகும். ஆனால் அந்த அலசல், காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத தரச் சோதனை. ஆள்பலம் இல்லாத நிறுவனங்களுக்கும் வழி இருந்தது. 2007 ஜனவரியில் கெர்னல் நிரலர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் வெளிப்படையாக அறிவித்தார்: கருவியின் குறிப்பைக் கொடுங்கள், டிரைவரை இலவசமாக எழுதித் தருகிறோம். அந்த வேலைக்குத் தன்னார்வலர்கள் திரண்டு வந்தார்கள்.

தீராத பிரச்சினையும் ஒன்று உண்டு. என்விடியா நிறுவனம் 2022 மே மாதம் தன் கெர்னல் டிரைவரைத் திறந்தது. ஆனால் டிரைவர் செய்துவந்த வேலைகளில் பெரும்பங்கு அதற்குள் சில்லுக்குள்ளேயே ஓடும் மூடிய மென்பொருளுக்கு நகர்ந்திருந்தது. துபாஷி வெளியே வந்துவிட்டார், ஆனால் ரகசியப் பேச்சை அறைக்குள்ளேயே முடித்துவிட்டார்கள். இந்தப் பாணி மற்ற சில்லுகளிலும் பரவிவருகிறது. அந்த உட்புற மென்பொருளில் ஒரு குறை வந்தால், பத்து வருடம் கழித்து அதை யார் திருத்துவார்? திறந்த டிரைவர் மட்டும் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த நாங்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டிய காலம் இது. திறந்து வைத்தாலும் பராமரிக்க ஆளே இல்லாத டிரைவர்களைக் கெர்னல் கழித்துக்கட்டுவதும் உண்டு. திறந்து வைப்பது ஆயுளுக்கு உத்தரவாதம் தராது, வாய்ப்பைத் தரும்.

அந்த வாய்ப்பின் அருமை என் ஸ்கேனருக்குத் தெரியும். அதைச் செய்த நிறுவனம் இந்தத் திறந்த டிரைவருக்கு ஒரு காசு செலவழிக்காவிட்டாலும், அந்த நிறுவனத்தின் பெயர் இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கேனர் வாங்க யோசனை கேட்டபோது, எந்தக் கருவிக்குத் திறந்த டிரைவர் இருக்கிறது என்று முதலில் பார்த்துத்தான் சொன்னேன். பத்திரங்கள் எல்லாம் முடிந்து, இப்போது அம்மாவின் பழைய கடிதங்களைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். விளக்கு கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஒருநாள் அது அணையும், தண்டின் பல்சக்கரமும் தேயும். அப்போது இதை ஓய்வுக்கு அனுப்புவேன். உடல் தேய்ந்து நின்றால் அது கருவியின் முறையான முடிவு. அதுவரை அது பேசும்.